ஹோட்டல் வாசலிலிருந்து விமான நிலையம் வரை: தனிக் கார் முன்பதிவு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

என் விமானம் 15ஆம் தேதி 00.40 மணிக்குப் புறப்பட வேண்டியது. காரை நான் 15ஆம் தேதி இரவு 9.15 மணிக்கு ஹோட்டலுக்கு வரச் சொல்லிப் பதிவு செய்திருந்தேன். விமானம் போய் இருபது மணி நேரத்துக்கும் மேல் கழித்து கார் வந்து நின்றிருக்கும். 14ஆம் தேதி மாலை வரவேற்பு மேசையைக் கடந்துபோனபோது அங்கிருந்த பணியாளர், "இன்றிரவுதானே அறையைக் காலி செய்கிறீர்கள்?" என்று தற்செயலாகக் கேட்டார். அந்தக் கேள்விதான் என்னைக் காப்பாற்றியது. பயணச்சீட்டிலும் பிழை இல்லை, கார் நிறுவனத்திடமும் பிழை இல்லை. படிவத்தில் தேதி கேட்ட இடத்தில் விமானத்தின் தேதியை யோசிக்காமல் இட்டது நான்.

அன்றிலிருந்து கார் பதிவை நான் ஒரு சில்லறை வேலையாக நினைப்பதில்லை. கார் எத்தனை மணிக்கு வர வேண்டும் என்ற கணக்கை ஹோட்டலிடமோ ஓட்டுநரிடமோ இணையப் படிவத்திடமோ விடாமல் பயணி தாமே போட வேண்டும். போட்ட கணக்கையும் பேசிய கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். கீழே வரும் படிகள் அனைத்தும் இந்த இரண்டிலிருந்து பிறப்பவைதாம்.

முதல் படி: நேரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுதல்

பயணச்சீட்டில் அச்சிட்டிருக்கும் புறப்பாட்டு நேரம் விமானத்துக்கு உரியது. பயணிக்கு உரிய கெடு அதற்கு வெகு முன்னதாகவே முடிந்துவிடுகிறது. சர்வதேசப் பயணங்களுக்குப் பல விமான நிறுவனங்கள் புறப்பாட்டுக்கு 60 நிமிடங்களுக்கு முன்பே செக்-இன் கவுன்டரை மூடிவிடுகின்றன. சில நிறுவனங்கள் 75 அல்லது 90 நிமிடங்களுக்கு முன்பே மூடுகின்றன. கைப்பை மட்டும் கொண்டு, முன்கூட்டியே இணையத்தில் செக்-இன் செய்தவருக்கு இந்தக் கெடு சற்றுத் தளரும் என்றாலும், பாதுகாப்புச் சோதனை வரிசையும் குடியேற்றச் சோதனை வரிசையும் அவருக்கும் உண்டு. ஆகவே முதலில் உங்கள் விமான நிறுவனத்தின் தளத்தில் கவுன்டர் மூடும் நேரத்தைப் பார்த்து, அதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கணக்கு அங்கிருந்துதான் தொடங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் போட்டுப் பார்க்கலாம். திங்கட்கிழமை காலை 10.20க்குச் சர்வதேச விமானம், கவுன்டர் 9.20க்கு மூடப்படும். வரிசையில் நின்று பெட்டியை ஒப்படைக்க அவகாசம் வேண்டுமென்பதால், முனைய வாசலில் 7.50க்கு இறங்கிவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். இப்போது வரைபடச் செயலியைத் திறந்து, 'இப்போது புறப்பட்டால்' என்று பார்க்காமல், திங்கட்கிழமை 7.50க்குப் போய்ச் சேர வேண்டும் என்று நேரத்தைக் குறிப்பிட்டுத் தேடுங்கள். செயலி ஒரே எண்ணைச் சொல்லாமல், 40 நிமிடத்திலிருந்து 70 நிமிடம் வரை ஆகலாம் என்பதுபோல ஒரு வீச்சைக் காட்டும். அதில் பெரிய எண்ணைத்தான் எடுக்க வேண்டும். எழுபது நிமிடத்தைக் கழித்தால் 6.40. வழியில் எதிர்பாராத தடைக்கு இருபது நிமிடம் கழித்தால் 6.20. பெட்டிகளை டிக்கியில் ஏற்றி, அனைவரும் அமர்ந்து, கதவு மூடப் பத்து நிமிடம். ஆக, கார் ஹோட்டல் வாசலில் 6.10க்கு நிற்க வேண்டும்; நீங்கள் அறைக் கணக்கை 5.50க்குள் முடித்திருக்க வேண்டும். 10.20 என்ற எண்ணை மட்டும் பார்த்திருந்தால் எட்டு மணிக்குக் கிளம்பலாம் என்றுதான் தோன்றியிருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஹோட்டலுக்கு வந்தபோது இருபத்தைந்து நிமிடத்தில் வந்துவிட்டோமே என்ற நினைவை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது. வந்த வழியும் போகும் வழியும் ஒரே சாலையாக இருந்தாலும், வேலைநாள் காலையில் அது வேறு சாலை.

நள்ளிரவை ஒட்டிய விமானங்களைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 00.05 முதல் ஏறத்தாழ 03.00 வரை புறப்படும் எந்த விமானத்துக்கும் கார் பெரும்பாலும் முந்தைய தேதியில்தான் தேவைப்படும். பன்னிரண்டு மணிக் கணக்கில் நேரம் காட்டும் தளங்களில் நள்ளிரவு 12.40ஐயும் நண்பகல் 12.40ஐயும் குழப்பிக்கொள்வது மிக எளிது. தேதியோடு கிழமையையும் உரக்கச் சொல்லிப் பாருங்கள்: "செவ்வாய்க்கிழமை இரவு ஹோட்டலை விட்டுக் கிளம்புகிறேன், புதன்கிழமை விமானம்." வாய்விட்டுச் சொல்லும்போது பிழை காதில் விழும்.

கடிகாரமே மாறும் இரவுகளும் உண்டு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மார்ச் மாதக் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்தி, அக்டோபர் கடைசி ஞாயிறன்று பின்னே திருப்புகிறார்கள். அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் இரண்டாவது ஞாயிறும் நவம்பர் முதல் ஞாயிறும் அந்த நாட்கள். அந்த அதிகாலையில் கார் பதிவு செய்திருந்தால், கைக்கடிகாரத்தை நம்பாமல், வலைப்பின்னலோடு இணைந்த கைப்பேசியின் நேரத்தை நம்புங்கள்.

இரண்டாம் படி: எந்த விமான நிலையம், எந்த முனையம்

"விமான நிலையத்துக்கு" என்று மட்டும் சொன்னால் போதாத நகரங்கள் பல. டோக்கியோவுக்கு ஹனேடா நகரத்துக்குள்ளேயே கடலோரமாக இருக்கிறது; நரிட்டாவோ பக்கத்துச் சீபா மாகாணத்தில், நகர மையத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது. இஸ்தான்புல்லின் பெரிய விமான நிலையம் ஐரோப்பியக் கரையிலும், சபிஹா கோக்சென் விமான நிலையம் ஆசியக் கரையிலும் உள்ளன. தவறான ஒன்றுக்குப் போனவர் கண்டமே மாறிப் போனவராவார். பாங்காக்கில் சுவர்ணபூமி, டான் முவாங் என இரண்டு. லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட், லூட்டன், சிட்டி என்று வரிசையே உண்டு. பெயரைப் பார்த்து ஏமாறுகிற இடங்களும் இருக்கின்றன: பிராங்க்பர்ட்டின் பெயரைத் தாங்கிய ஹான் விமான நிலையம் அந்த நகரத்திலிருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.

பழைய தகவலும் ஆபத்துதான். இஸ்தான்புல்லின் பயணிகள் விமானங்கள் 2019 ஏப்ரலில் அட்டாதுர்க் விமான நிலையத்திலிருந்து புதிய நிலையத்துக்கு மாறின. பெர்லினில் 2020 அக்டோபர் இறுதியில் பிராண்டன்பர்க் திறக்கப்பட்டு, அடுத்த சில நாட்களில் டேகல் மூடப்பட்டது. முன்பு ஒருமுறை போன நகரம் என்ற தெம்பில் பழைய பெயரைப் படிவத்தில் எழுதிவிட வேண்டாம். பயணச்சீட்டில் இருக்கும் மூன்றெழுத்துக் குறியீடு இந்தக் குழப்பத்துக்கு நல்ல மருந்து. இஸ்தான்புல்லுக்கு IST, சபிஹா கோக்செனுக்கு SAW; ஹனேடாவுக்கு HND, நரிட்டாவுக்கு NRT என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு இருப்பதால், பதிவுப் படிவத்தில் பெயரைத் தேடாமல் குறியீட்டை இட்டுத் தேடுங்கள்.

முனையம் அடுத்தது. டெல்லியின் முதல் முனையம் மூன்றாம் முனையத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளித் தனியே நிற்கிறது. பெட்டிகளோடு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போக முடியாது. இதில் ஒரு கண்ணி உண்டு: சீட்டு ஒரு நிறுவனத்தின் எண்ணில் இருக்கும், விமானத்தை இயக்குவது அதன் கூட்டாளி நிறுவனமாக இருக்கும். அப்படிப்பட்ட பயணத்தில் இயக்கும் நிறுவனத்தின் முனையத்துக்குத்தான் போக வேண்டும். அந்த நிறுவனத்தின் பெயர் சீட்டில் சிறிய எழுத்தில் எங்கோ ஒரு மூலையில் இருக்கும், தேடிப் பாருங்கள். முனையங்கள் கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு என்பதால், புறப்படும் நாளில் விமான நிலையத்தின் தளத்தில் இன்னொரு முறை பார்த்து, காரில் ஏறியதும் ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள்.

மூன்றாம் படி: ஆட்களோடு பெட்டிகளையும் எண்ணுதல்

கார்ப் படங்களுக்குக் கீழே 'நான்கு பயணிகள்' என்று போட்டிருப்பது இருக்கைகளின் கணக்கு. விமானப் பயணத்தில் இருக்கையைவிட டிக்கிதான் முதலில் நிரம்புகிறது. விமான நிறுவனங்கள் பொதுவாக ஒரு பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 158 சென்டிமீட்டர் வரை அனுமதிக்கின்றன. அந்த அளவை ஒட்டிய பெரிய பெட்டி நின்றால் முக்கால் மீட்டர் உயரம் இருக்கும். சாதாரண செடான் காரின் டிக்கியில் அப்படி இரண்டும் ஒரு கைப்பெட்டியும் வைக்கலாம்; மூன்றாவது பெரிய பெட்டி வந்தால் அது யாராவது ஒருவரின் மடியில்தான் பயணம் செய்ய வேண்டியிருக்கும்.

அதிலும் எரிவாயுவில் ஓடும் கார்களில் சிலிண்டரை டிக்கிக்குள்ளேயே பொருத்தியிருப்பார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முழு அளவுக் கார். டிக்கியைத் திறந்தால் குறுக்கே ஓர் உருளை படுத்திருக்க, அதன் முன்னே இரண்டு கைப்பெட்டி வைக்கத்தான் இடமிருக்கும். எரிவாயுக் கார்கள் மிகுந்த நகரங்களில் இதைக் கேட்டே பதிவு செய்ய வேண்டும். இரண்டு பேருக்கும் இரண்டு பெரிய பெட்டிகளுக்கும் செடான் போதும்; மூன்று பேர் மூன்று பெரிய பெட்டிகள் என்றால் அடுத்த பெரிய வண்டிக்குப் போய்விடுவது நல்லது; ஐந்து பேருக்கு மேல் வேனைத் தவிர வேறு வழியில்லை. மூன்று வரிசை இருக்கையுள்ள வண்டியில் கடைசி வரிசையில் ஆள் உட்கார்ந்தால் அதன் பின்னே பெட்டிக்கு இடம் ஏறக்குறைய இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம். பதிவு செய்யும்போது பெட்டிகளின் எண்ணிக்கையை உள்ளபடி எழுதுங்கள். குறைத்து எழுதிவிட்டு வாசலில் மல்லுக்கட்டும்போது, சுமை ஏற்ற மறுக்கும் உரிமை ஓட்டுநர் பக்கம் இருக்கும்.

குழந்தையோடு போகிறவர்கள் 'குழந்தை இருக்கை வேண்டும்' என்ற கட்டத்தில் குறி இடுவதோடு நிறுத்தக் கூடாது. குழந்தையின் வயது, எடை, உயரம் மூன்றையும் குறிப்புப் பெட்டியில் எழுதுங்கள். குழந்தை இருக்கைகளுக்கான ஐ.நா.வின் ஆர்-129 விதிமுறையின்படி 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கிய இருக்கையில்தான் அமர வேண்டும். பொதுவாகக் 'குழந்தை இருக்கை' என்று மட்டும் கேட்டால், நான்கு வயதுப் பிள்ளைக்கு உரிய உயர்த்துப் பலகை ஒன்று வந்து சேரக்கூடும். பல நாடுகளில் வாடகைக் கார்களுக்குக் குழந்தை இருக்கைச் சட்டத்திலிருந்து விலக்கு இருப்பதால், கேட்காவிட்டால் யாரும் கொண்டுவர மாட்டார்கள். சக்கர நாற்காலி இருந்தால் அது மடங்குமா, மின்சாரத்தில் இயங்குவதா என்பதையும், பயணி தாமே எழுந்து இருக்கைக்கு மாறுவாரா என்பதையும் சொல்ல வேண்டும். சாய்தளம் உள்ள வண்டி தேவையா என்பதை அவர்கள் அதிலிருந்துதான் முடிவு செய்வார்கள்.

நான்காம் படி: யாரிடம் பதிவு செய்வது

மூன்று வழிகள் இருக்கின்றன. ஹோட்டலின் பயண மேசையில் சொல்லலாம். விமான நிலையப் பயணங்களுக்கென்றே இருக்கும் இணைய நிறுவனங்களில் பதிவு செய்யலாம். அன்றாடம் பயன்படுத்தும் வாடகைக் கார்ச் செயலியில் நேரம் குறித்து வைக்கலாம்.

ஹோட்டல் வழி பெரும்பாலும் மூன்றிலும் விலை கூடியது. ஹோட்டலுக்குச் சொந்தக் கார் இருப்பது அரிது. வெளி நிறுவனம் ஒன்றை அழைத்து, தன் பங்கையும் சேர்த்து, அறைக் கணக்கில் எழுதுகிறார்கள். ஆனால் ஒரு பெரிய அனுகூலம் இதில் இருக்கிறது: கார் வராவிட்டால் அது வரவேற்பு மேசையின் தலைவலி. விடியற்காலை மூன்றரை மணிக்கு மொழி தெரியாத ஊரில் நீங்கள் ஓட்டுநரோடு தொலைபேசியில் போராட வேண்டியதில்லை. எதிரே நிற்கும் ஒருவரிடம் கேட்டால் போதும். அதிகாலை விமானத்துக்கும் முதியவர்களோடு போகும் பயணத்துக்கும் அந்தக் கூடுதல் தொகையை நான் தயங்காமல் கொடுப்பேன். மேசையில் சொல்லும்போது, "கார் உங்களுடையதா, வெளியிலிருந்து வருவதா? தொகை வரி உட்பட எவ்வளவு? அறைக் கணக்கிலா, ஓட்டுநரிடமா?" என்ற மூன்று கேள்விகளையும் கேட்டு, பதிலை ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பகல் பணியாளர் தலையாட்டிவிட்டுப் போன பிறகு, இரவுப் பணியாளரின் ஏட்டில் உங்கள் பெயரே இல்லாமல் இருப்பது நடக்கக்கூடியதுதான்.

இணைய நிறுவனங்களில் தொகை முன்கூட்டியே தெரிந்துவிடும். வண்டியின் வகையைத் தேர்ந்தெடுக்கலாம். ரத்து விதியும் எழுத்தில் இருக்கும். ஆனால் நீங்கள் பணம் செலுத்தும் தளம் பல நேரங்களில் இடைத்தரகர் மட்டுமே. வண்டி அனுப்புவது உள்ளூரில் உள்ள வேறொரு நிறுவனம். ஆகவே அந்த உள்ளூர் நிறுவனத்தின் பெயரும், இரவிலும் எடுக்கும் தொலைபேசி எண்ணும் உறுதிச் செய்தியில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

செயலியில் நேரம் குறித்து வைப்பதைப் பலரும் முன்பதிவு என்றே எண்ணிக்கொள்கிறார்கள். பல செயலிகளில் அது, குறித்த நேரம் நெருங்கும்போது உங்களுக்காக ஓட்டுநரைத் தேடத் தொடங்கும் ஏற்பாடு மட்டுமே. தேடிக் கிடைக்காவிட்டால் 'வண்டி இல்லை' என்ற செய்திதான் வரும். பகல் நேரத்தில், வண்டிகள் தாராளமாக ஓடும் நகர மையத்தில் இது போதும். அதிகாலைக்கு இதை மட்டும் நம்ப நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஐந்தாம் படி: படிவத்தை நிரப்புதல்

முதலில் திசையைப் பாருங்கள். இத்தகைய தளங்களில் பலவும் விமான நிலையத்திலிருந்து நகரத்துக்கு வருவோரை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டவை. 'எங்கிருந்து' என்ற இடத்தில் விமான நிலையம் ஏற்கெனவே நிரப்பப்பட்டிருக்கும். மாற்ற மறந்தால், நீங்கள் ஹோட்டல் வாசலில் நிற்க, ஓட்டுநர் உங்கள் பெயர்ப் பலகையைப் பிடித்துக்கொண்டு வருகைக் கூடத்தில் நிற்பார்.

அடுத்து, ஹோட்டலின் பெயரை மட்டும் எழுதாமல் தெருவையும் கதவு எண்ணையும் சேர்த்து எழுத வேண்டும். ஒரே குழுமத்துக்கு ஒரே நகரத்தில் நான்கைந்து ஹோட்டல்கள் இருக்கும். பெயரின் கடைசிச் சொல் மட்டும்தான் மாறும். வரைபடத்தில் குத்தப்படும் புள்ளியையும் பெரிதாக்கிப் பாருங்கள். பெரிய ஹோட்டல்களில் அது சில நேரம் சரக்கு இறக்கும் பின்வாசலில் போய் விழுகிறது. அங்கே காத்திருக்கும் ஓட்டுநர், நீங்கள்தான் வரவில்லை என்று பதிவு செய்துவிட்டுப் போய்விடுவார். உள்ளூர் மொழியில் ஹோட்டலின் பெயர் அச்சிட்ட அட்டை வரவேற்பு மேசையில் கிடைக்கும். அதைப் படமெடுத்து அனுப்புவது நீண்ட விளக்கத்தைவிடப் பயனுள்ளது.

நேரம் கேட்கும் இடத்தில் எந்த நேரத்தைக் கேட்கிறார்கள் என்று படியுங்கள். சில படிவங்கள் ஏறும் நேரத்தைக் கேட்கின்றன. சில விமானத்தின் நேரத்தைக் கேட்டு, ஏறும் நேரத்தைத் தாமே முடிவு செய்கின்றன. இரண்டாவது வகையில், படிவம் சொல்லும் நேரத்தை முதல் படியில் நீங்கள் தாளில் எழுதிய நேரத்தோடு ஒப்பிட்டு, பிந்தியிருந்தால் முன்னே நகர்த்துங்கள். விமான எண்ணையும் கொடுத்துவிடலாம். ஆனால் அதனால் கார் தானாகத் தன் நேரத்தை மாற்றிக்கொள்ளும் என்று எண்ண வேண்டாம். விமானத்தைக் கண்காணித்து நேரத்தை மாற்றும் வசதி பெரும்பாலும் வருகைக்கு உரியது.

தொலைபேசி எண்ணை நாட்டுக் குறியீட்டோடு எழுதுங்கள். அந்த ஊரில் உண்மையில் மணி அடிக்கும் எண்ணாக அது இருக்கட்டும். சொந்த நாட்டு சிம்மைக் கழற்றி வைத்துவிட்டு அந்த எண்ணையே கொடுத்திருப்போர் ஏராளம். வாட்ஸ்அப் பயன்படுத்துவோர் அதையும் குறிப்பிடலாம்.

ஆறாம் படி: கட்டணத்தில் என்னென்ன அடக்கம்

திரையில் தெரியும் தொகைக்குள் சுங்கச் சாவடிக் கட்டணம், விமான நிலைய நுழைவுக் கட்டணம், இரவு நேரக் கூடுதல், விடுமுறை நாள் கூடுதல் ஆகியவை உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். நகரங்களுக்கு அவற்றுக்கே உரிய கட்டணங்களும் இருக்கின்றன: லண்டன் மையப் பகுதியில் 2003 முதல் நெரிசல் கட்டணம் வசூலிக்கப்படுகிறது, ஹீத்ரோவில் முனைய வாசலில் பயணிகளை இறக்கிவிடுவதற்கே 2021 நவம்பர் முதல் கட்டணம் உண்டு, சிங்கப்பூரில் 1998 முதல் சாலைக் கட்டணம் மின்னணு முறையில் கழிக்கப்படுகிறது. 'அனைத்தும் உட்பட' என்று எழுதியிருந்தால் இவற்றில் எதையும் ஓட்டுநர் தனியாகக் கேட்கக் கூடாது. எழுதியிருக்காவிட்டால் இறங்கும்போது கேட்பார், கேட்பது தவறும் ஆகாது.

காத்திருப்பு விதியை மட்டும் வரிவரியாகப் படியுங்கள். விமான நிலைய வருகையில் 45 முதல் 60 நிமிடம் வரை இலவசமாகக் காத்திருக்கும் பல நிறுவனங்கள், ஹோட்டல் வாசலில் 15 நிமிடம்தான் தருகின்றன. அதற்கு மேல் வெயிட்டிங் கட்டணம் ஓடத் தொடங்கும், அல்லது பயணி வரவில்லை என்று வண்டியைத் திருப்பி அழைத்துவிடுவார்கள். அப்படி ஆனால் பணம் திரும்பாது. ரத்து செய்யும் கெடு பல இடங்களில் 24 மணி நேரம். அந்த 24 மணி நேரம் கார் ஏறும் நகரத்தின் நேரப்படி கணக்கிடப்படுகிறது.

அட்டையில் செலுத்தும்போது, உங்கள் சொந்த நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா என்று இயந்திரமோ தளமோ கேட்டால், வேண்டாம், உள்ளூர்ப் பணத்திலேயே என்று தேர்ந்தெடுங்கள். அந்த மாற்று விகிதம் பெரும்பாலும் உங்கள் வங்கியின் விகிதத்தைவிடப் பாதகமாகவே இருக்கும். ஓட்டுநரிடம் கொடுப்பதாக ஏற்பாடு என்றால், அவரிடம் அட்டை இயந்திரம் இருக்குமா என்பதை முதலிலேயே கேட்டுவிட வேண்டும். அலுவலகச் செலவில் போகிறவர்கள் ரசீது எந்தப் பெயரில் வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது.

ஏழாம் படி: உறுதிச் செய்தி

எந்த வழியில் பதிவு செய்திருந்தாலும், கீழ்க்கண்ட மாதிரியில் ஒரு செய்தியை நீங்களே எழுதி அனுப்பி, 'சரி' என்ற பதிலை வாங்கி வையுங்கள்.

"திங்கள், 16ஆம் தேதி, காலை 6.10. ஹோட்டலின் முன்வாசல், பெரிய தெருப் பக்கம். மூன்று பெரியவர்கள், பெரிய பெட்டி மூன்று, கைப்பெட்டி இரண்டு. சர்வதேச முனையம் 2, புறப்பாடு. தொகை சுங்கம் உட்பட, ஏற்கெனவே செலுத்தியாயிற்று. ஓட்டுநர் பெயரும் வண்டி எண்ணும் முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குள் வேண்டும்."

ஆறு வரிதான். ஆனால் பின்னால் வரக்கூடிய தகராறுகளில் பெரும்பாலானவை இந்த ஆறு வரிக்குள் அடங்கிவிடுகின்றன. பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணையம் இல்லாமலும் பார்க்கும்படி கைப்பேசியில் சேமித்துக்கொள்ளுங்கள். ஹோட்டலின் வைஃபை எல்லை வாசற்படியோடு முடிந்துவிடலாம்.

எட்டாம் படி: முந்தைய நாள் மாலை

வரவேற்பு மேசையில் ஒரு கேள்வி கேளுங்கள்: "நாளைக் காலை சாலை ஏதாவது மூடப்படுகிறதா?" மாரத்தான் ஓட்டங்கள் பல நகரங்களில் ஞாயிறு அதிகாலையில் நடக்கின்றன, ஊர்வலம், வேலைநிறுத்தம், பெரிய தலைவர்களின் வருகை ஆகியவற்றாலும் சாலைகள் அடைபடும். வரைபடச் செயலிக்கு இது காலையில்தான் தெரியும். ஹோட்டல் பணியாளர்களுக்கு முந்தைய நாளே தெரிந்திருக்கும், ஏனென்றால் அவர்களும் அந்தச் சாலையில்தான் வேலைக்கு வர வேண்டும்.

அறைக் கணக்கை இரவே முடித்துவிடுங்கள். காலை ஏழு மணிக்குச் சுற்றுலாக் குழு ஒன்று ஒட்டுமொத்தமாகக் காலி செய்யும் வரிசையில் நீங்கள் எட்டாவது ஆளாக நிற்க, வாசலில் உங்கள் 15 நிமிடம் கரைந்துகொண்டிருக்கும். அறையிலுள்ள பெட்டகத்தைத் திறந்து கடவுச்சீட்டை இப்போதே எடுத்துக் கைப்பைக்குள் வைத்துவிடுங்கள். பாதி வழியில் நினைவுக்கு வந்து வண்டியைத் திருப்பும் பொருள்களில் அதுவே முதன்மையானது.

ஓட்டுநரின் பெயரும் வண்டி எண்ணும் சொன்ன நேரத்துக்குள் வராவிட்டால் அன்றிரவே தொலைபேசியில் கேளுங்கள். இரவு எட்டரைக்குக் கேட்டால் மாற்று ஏற்பாட்டுக்கு நேரம் இருக்கிறது. காலை ஆறு மணிக்குக் கேட்டால் மன்னிப்பு மட்டும்தான் கிடைக்கும்.

ஒன்பதாம் படி: வாசலில்

விமானம் ஒரு மணி நேரம் தாமதம் என்று காலையில் செய்தி வந்தால், காரையும் ஒரு மணி நேரம் தள்ளி வைக்கத் தோன்றும். தள்ளி வைக்காதீர்கள். அறிவித்த தாமதம் குறைந்துவிடுவது உண்டு. அதைவிட முக்கியமாக, கவுன்டர் பல நேரங்களில் பழைய நேரப்படியே மூடப்படுகிறது.

வண்டி வந்ததும் முதலில் எண் பலகையைச் செய்தியில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். பிறகு ஓட்டுநரிடம் உங்கள் பெயரைச் சொல்லாமல், "யாருக்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேளுங்கள். பெயரை முதலில் நீங்கள் சொன்னால் யாரும் 'ஆமாம்' என்று சொல்லிவிடலாம். பெரிய ஹோட்டல் வாசலில் ஒரே நேரத்தில் ஐந்து கறுப்பு நிறக் கார்கள் நிற்கும்போது, தவறான காரில் ஏறுவதற்குத் தீய எண்ணம் கொண்ட ஓட்டுநர் தேவையில்லை; இரண்டு பேரின் அவசரமே போதும்.

ஏறுவதற்கு முன் பெட்டிகளை வாய்விட்டு எண்ணி, டிக்கி மூடுவதை நின்று பாருங்கள். ஹோட்டல் பணியாளர் தள்ளிவந்த வண்டியில் ஒரு பெட்டி தங்கிவிடுவது சாதாரணமாக நடக்கும்.

கார் வரவில்லை என்றால் எவ்வளவு நேரம் பொறுப்பது? இந்த முடிவை வாசலில் பதற்றத்தோடு எடுக்காமல், முந்தைய நாளே எடுத்துவைத்திருக்க வேண்டும். என் வழக்கம் இது: குறித்த நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பும் வண்டி கண்ணில் படாவிட்டால் ஓட்டுநரை அழைக்கிறேன், குறித்த நேரத்தில் நிறுவனத்தை அழைக்கிறேன், பத்து நிமிடம் கழிந்தும் தெளிவான பதில் இல்லையென்றால் ஹோட்டல் வாசற்காவலரிடம் வாடகைக் கார் ஒன்றை நிறுத்தச் சொல்லி ஏறிவிடுகிறேன். முதல் படியில் ஒதுக்கிய இருபது நிமிடம் இதற்காகவும்தான். "இதோ வந்துவிட்டேன், ஐந்து நிமிடம்" என்ற பதிலை ஒருமுறை ஏற்கலாம். இரண்டாம் முறை அதே பதில் வந்தால் அவர் இன்னும் கிளம்பவில்லை என்றே கொள்ள வேண்டும். புறப்படுவதற்கு முன், வெறுமையான வாசலையும் கைப்பேசியின் நேரத்தையும் காட்டும் ஒரு படம், அழைப்புகளின் பட்டியல், நிறுவனத்துக்கு எழுத்தில் ஒரு வரி ஆகியவற்றை முடித்துவிடுங்கள்: "இத்தனை மணி வரை காத்திருந்தோம், வண்டி வரவில்லை, வேறு வண்டியில் போகிறோம்." இது இல்லாவிட்டால் அவர்கள் ஏட்டில் 'பயணி வரவில்லை' என்றே எழுதப்பட்டிருக்கும், பணத்தைத் திரும்பக் கேட்க உங்கள் கையில் ஒன்றுமிருக்காது.

பத்தாம் படி: வழியிலும் இறங்கும்போதும்

வண்டி கிளம்பியதும் முனையத்தின் எண்ணையும் விமான நிறுவனத்தின் பெயரையும் ஒருமுறை சொல்லிவிடுங்கள். உங்கள் கைப்பேசியிலும் வரைபடம் ஓடட்டும். ஓட்டுநரைச் சந்தேகிப்பதற்காக அன்று, முனையங்களுக்குச் சாலை பிரியும் இடத்தை அவர் தவறவிட்டால் சொல்வதற்காக. விமான நிலையச் சாலைகளில் ஒரு பிரிவைத் தவறவிட்டால் திரும்பி வரச் சில கிலோமீட்டர் சுற்ற வேண்டியிருக்கும்.

புறப்பாட்டுத் தளத்தில் வண்டி நிற்க அனுமதிக்கும் நேரம் மிகக் குறைவு. பின்னால் ஹாரன் அடிப்பார்கள், காவலர் கையசைப்பார். பொருள்கள் தொலைவது அந்த நெருக்கடியில்தான். கதவைச் சாத்துவதற்கு முன் ஒருவர் டிக்கியையும், இன்னொருவர் பின்னிருக்கையின் இடுக்கையும் முன்னிருக்கையின் பின்பையையும் பார்க்கட்டும். கைப்பேசி மின்னேற்றக் கம்பி முன்னால் சொருகியபடியே இருக்கிறதா என்று பாருங்கள். வண்டி எண் உள்ள அந்தச் செய்தியை உடனே அழித்துவிடாமல், ஊர் போய்ச் சேர்ந்து பெட்டிகளைப் பிரித்து அடுக்கும் வரை வைத்திருங்கள். கண்ணாடிக் கூடு காணவில்லை என்பது அப்போதுதான் தெரியவரும்.